மாணவர்களோடு பழைய சுரங்கத்தில் இறங்குவது எப்படி? முதல் முறை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு

அருங்காட்சியகத்தில் ஒரு பையன் பின்தங்கிவிட்டால் போன் போட்டுக் கூப்பிடலாம். ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றினால் வாசலில் உட்கார வைக்கலாம். ஸ்வெட்டர் மறந்தவனை வெயிலில் போய் நிற்கச் சொல்லலாம். நிலத்துக்கு நூறு மீட்டர் கீழே இது எதுவும் நடக்காது. போனில் சிக்னல் இருக்காது, சில சுரங்கங்களில் கையில் போனே இருக்காது. வாசலுக்குப் போக வேண்டுமென்றால் மேலேயிருந்து கூண்டு, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்க லிஃப்ட், இறங்கி வர வேண்டும். அதனால் சுரங்கப் பயணத்தின் வேலையில் முக்கால் பங்கு தரைக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும். மேலே விட்டதைக் கீழே போய்ச் சரிசெய்ய முடியாது.

நான் முதல் முறை அழைத்துப் போனபோது இது எனக்குப் புரியவில்லை. இன்னொரு சுற்றுலா என்றுதான் நினைத்தேன். படிக்கட்டில் பாதி இறங்கியதும் ஒரு மாணவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலேயும் ஏறவில்லை, கீழேயும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் இருபது பேர். மூடிய இடம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவளுடைய தோழிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. அதன்பின் நான் கடைப்பிடிக்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தச் சுரங்கம்?

பார்வையாளர்களுக்கென்று முறையாகத் திறந்து, வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடும் சுரங்கம்தான் மாணவர்களுக்கு ஏற்றது. கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாய் ஏதாவது மலைச்சரிவில் திறந்து கிடக்கலாம். "கொஞ்ச தூரம்தான், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டலாம். வேண்டாம். தாங்கு மரங்கள் உளுத்திருக்கும். செங்குத்தான குழியின் மேல் எப்போதோ போட்ட பலகை மண் மூடித் தரை மாதிரியே கிடக்கும். காற்றோட்டம் நின்றுபோன இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுந்துவிடுவார். இதில் பேச்சுக்கே இடமில்லை.

திறந்திருக்கும் சுரங்கங்களும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. போலந்தில் உள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் சுற்றுலாப் பாதை 380 மரப்படிகளோடு தொடங்குகிறது. அவை முடியும் இடம் 64 மீட்டர் ஆழம். அங்கிருந்து பாதை 135 மீட்டர் ஆழம் வரை போகிறது. மொத்தம் 800 படிகள் இருக்கும், மேலே வருவதற்கு மட்டும் லிஃப்ட். பாதைகள் அகலம், மண்டபங்கள் உயரம். 101 மீட்டர் ஆழத்தில் உப்புப் படிகங்களால் ஆன சரவிளக்குகள் தொங்கும் தேவாலயமே இருக்கிறது. இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள்கூட இங்கே சமாளித்துவிடுவார்கள், முழங்கால் வலிக்காரர்கள்தான் திணறுவார்கள். வேல்ஸின் பிளைனாவன் ஊரிலுள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் இதற்கு நேர்மாறு. கூண்டில் ஏறினால் 90 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் கூரை பல இடங்களில் தாழ்ந்திருக்கும், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் குனிந்து குனிந்து நடக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள சூடான் இரும்புச் சுரங்கத்தில் பார்வையாளர்களையே 700 மீட்டருக்கும் கீழே இறக்குகிறார்கள்.

ஆகவே, படியா கூண்டா, பாதை எவ்வளவு தாழ்வு, எவ்வளவு குளிர் என்பதை முதலில் பாருங்கள். எந்தப் பாடத்துக்காகப் போகிறீர்கள் என்பதை அப்புறம் பாருங்கள். வேதியியலும் புவியியலும் பேச உப்புச் சுரங்கமும் உலோகச் சுரங்கமும் நன்றாகப் பொருந்தும். மனிதர்கள் எப்படி உழைத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று பேச நிலக்கரிச் சுரங்கத்தை மிஞ்ச எதுவும் இல்லை. என் சாய்வு இந்தப் பக்கம்தான்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

தேதியையும் கட்டணத்தையும் மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். ஒரு குழுவில் எத்தனை பேர், அதில் பெரியவர்கள் எத்தனை பேர் கட்டாயம் என்று கேளுங்கள். கூண்டில் ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதை வைத்துத்தான் வகுப்பைப் பிரிக்க முடியும். வயது வரம்பு போலவே உயர வரம்பும் இருக்கும். பிக் பிட்டில் ஒரு மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளை இறக்குவதில்லை. கீழே கழிப்பறை இருக்கிறதா, சக்கர நாற்காலி போகுமா, நடுவழியில் ஒருவர் திரும்ப விரும்பினால் யார் அழைத்து வருவார்கள், எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் தெளிவாகப் பதில் சொல்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். நல்ல சுரங்கத்தில் யோசிக்காமல் சொல்வார்கள்.

நிலக்கரிச் சுரங்கம் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். மீத்தேன் வாயு இருக்கக்கூடிய இடத்தில் சின்னப் பொறியும் ஆபத்து என்பதால் பேட்டரி உள்ள எதையும் கீழே கொண்டுபோக விடமாட்டார்கள். பிக் பிட்டில் போன், கைக்கடிகாரம், ரிமோட் கார் சாவி, லைட்டர், தீப்பெட்டி எல்லாவற்றையும் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அப்படியானால் காது கேட்கும் கருவி போட்ட மாணவர், இன்சுலின் பம்ப் வைத்திருக்கும் மாணவர் என்ன செய்வார்கள்? இதைச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். கூண்டு வாசலில் நின்று கேட்டால் அந்தப் பிள்ளை மட்டும் எல்லார் முன்னாலும் ஒதுங்கி நிற்க வேண்டி வரும்.

முடிந்தால் ஒரு தடவை தனியாகப் போய் இறங்கிப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் கூட்டம் தேங்கும், எங்கே தலை இடிக்கும், வழிகாட்டி பேசும்போது கடைசியில் நிற்பவருக்குக் கேட்குமா என்பதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் இருக்காது.

இறங்க மாட்டேன் என்பவர்கள்

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். மூடிய இடம், இருட்டு, உயரம் இவற்றுக்குப் பயமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு விடாமல் மாணவர்களிடம் தனித்தனியாகவும் கேளுங்கள். வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னால் பதின்மூன்று வயதுப் பையன் எவனும் தூக்க மாட்டான். சின்னச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொன்னால் உண்மை வரும்.

"இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம், கடைசி நிமிடத்தில் மனசு மாறினாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்ன வருடங்களில் இறங்காமல் நின்றவர்கள் குறைவு. மேலே நிற்பவர்களுக்கு ஒரு ஆசிரியரும் வேண்டும், உருப்படியான வேலையும் வேண்டும். பையைக் காவல் காக்கச் சொல்வது வேலையில் சேராது. பழைய சுரங்கங்களில் தரைக்கு மேலேயே பார்க்க ஏராளம் உண்டு. கூண்டை இழுக்கும் இயந்திரம், விளக்கறை, தொழிலாளர்கள் குளித்த கூடம். கூண்டுக் கம்பி எத்தனை சுற்று சுற்றுகிறது, இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று அவர்கள் கணக்கெடுத்து வைத்தால், கீழே போய் வந்தவர்களுக்கு அவர்கள் சொல்லித்தர ஏதாவது இருக்கும்.

ஒரு வாரம் முன்பு வகுப்பில்

புகைப்படங்களையும் வீடியோக்களையும் அதிகம் காட்டாதீர்கள். எல்லாவற்றையும் திரையில் பார்த்துவிட்டால் கீழே ஆச்சரியப்பட ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைச் சொல்லிவையுங்கள்.

ஒன்று, காற்று. மீத்தேன் காற்றைவிட லேசு, கூரையை ஒட்டித் தேங்கும். கார்பன் டை ஆக்சைடு கனம், பள்ளத்தில் தங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி உருவாக்கிய விளக்கில் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை இருந்தது. வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் உள்ளே எரியும் நெருப்பு வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீலத் தொப்பி மாதிரி தெரியும், ஆக்சிஜன் குறைந்தால் சுடர் மங்கும். ஒரே விளக்கு வெளிச்சமும் தந்தது, எச்சரிக்கையும் தந்தது. விஷ வாயு இருக்கிறதா என்று அறியச் சுரங்கத்துக்குள் கொண்டுபோன கேனரிக் குருவிகளின் கதையை மாணவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். அது ஏதோ இடைக்காலத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம், பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுக்க முடிவெடுத்தது 1986-இல்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு, அவர்கள் வயதுப் பிள்ளைகள். 1838 ஜூலையில் இங்கிலாந்தின் சில்க்ஸ்டோன் பகுதியில், ஹஸ்கர் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில், இடிமழையால் பெருகிய ஓடை உள்ளே புகுந்து 26 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். மிகச் சிறியவருக்கு வயது 7, மூத்தவருக்கு 17. அதன் பிறகு விசாரணைகள் நடந்து, 1842-இல் வந்த சட்டம் பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று தடுத்தது. அதாவது பத்து வயதுப் பையன் அதற்குப் பிறகும் இறங்கலாம். இந்த இடத்தில் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும், அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போக வேண்டாம். காற்றோட்டக் கதவுகளைத் திறந்து மூட, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் விளக்கே இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த சிறுவர் சிறுமியரைப் பற்றியும் இப்போதே சொல்லிவையுங்கள். கீழே இருட்டு வரும்போது இது வேலை செய்யும்.

மூன்று, வில்லை. சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் உண்டு. ஒன்று மேலே பலகையில் தொங்கும், ஒன்று அவரிடம் இருக்கும். வேலை முடிந்து வந்து திருப்பித் தருவார். விபத்து நடந்தால் யார் கீழே இருக்கிறார்கள் என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அட்டையில் இதே மாதிரி வில்லைகளை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு. ஒரு பலகையில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். இது விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, பயணத்தன்று உங்கள் தலையெண்ணிக்கையே இதுதான்.

கூடவே, ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொல்லுங்கள். பல சுரங்கங்களில் வழிகாட்டிகளே முன்னாள் சுரங்கத் தொழிலாளிகளாக இருப்பார்கள். அவர்களிடம் ஆழத்தையும் ஆண்டையும் கேட்பது வீண், அவை சுவரிலேயே எழுதியிருக்கும். "முதல் நாள் இறங்கியபோது என்ன நினைத்தீர்கள்?", "சாப்பாட்டை எலியிடமிருந்து எப்படிக் காப்பாற்றினீர்கள்?" மாதிரி கேட்டால்தான் மனிதர் பேசத் தொடங்குவார்.

என்ன உடுத்துவது

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அதிக ஆழமில்லாத இடத்தில் பாறையின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அதனால் சுவீடனின் ஃபாலூன் செப்புச் சுரங்கத்தில் கோடையிலும் 5, 6 டிகிரிதான். மிக ஆழத்துக்குப் போனால் கதை மாறும். கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறும். பார்வையாளர்கள் போகும் ஆழத்தில் பெரும்பாலும் குளிர்தான், அதோடு காற்றோட்டமும் ஈரமும் சேரும். முழுக்கை மேல்சட்டை, நீளக் காற்சட்டை, கனமில்லாத ஜாக்கெட். செருப்பும் சாண்டலும் கூடாது, பிடிப்புள்ள அடியோடு மூடிய ஷூதான் வேண்டும். நீண்ட கூந்தலைத் தாழ்வாகப் பின்னிக்கொள்ள வேண்டும், உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. இந்தச் சின்ன விஷயத்துக்காகக் கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

வேறொரு சுரங்கத்துக்கோ குகைக்கோ போட்டுப் போன ஷூவையும் உடையையும் அப்படியே போட்டு வர வேண்டாம். வட அமெரிக்காவில் வௌவால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெண்மூக்கு நோய் 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்தது. அதற்குக் காரணமான பூஞ்சை உடையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகக்கூடியது. சில சுரங்கங்களில் ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

பயண நாள்

கழிப்பறைக்கு எல்லாரும் போய்வர வேண்டும், "எனக்கு வரவில்லை" என்பவர்களும். இறங்குவதற்கு முன் நிறையச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறாகவும் வேண்டாம். ஒப்படைக்க வேண்டிய பொருள்களை ஒரே பையில் போட்டு, பெயர் எழுதி, மேலே நிற்கும் ஆசிரியரிடம் கொடுங்கள். யாராவது ஒருவனிடம் பேட்டரி உள்ள ஒரு பொருள் கட்டாயம் மிஞ்சும், இரண்டாவது முறையும் கேளுங்கள்.

அப்புறம் வில்லைகள். ஒன்றைப் பலகையில் மாட்டிவிட்டு இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே நிற்பவர்களில் ஒருவரிடம் பலகையின் பொறுப்பைக் கொடுங்கள். அதைவிட முக்கியமான வேலை அன்றைக்கு வேறு இல்லை.

கூண்டில் இறங்கும் வரிசையில் ஒரு விதி உண்டு. முதல் கூண்டில் ஒரு ஆசிரியர், கடைசிக் கூண்டில் ஒரு ஆசிரியர். திரும்பி வரும்போதும் அதேதான். இல்லாவிட்டால் மேலேயோ கீழேயோ சில நிமிடங்களுக்கு மாணவர்கள் மட்டும் நிற்க வேண்டி வரும். நடக்கும்போதும் வழிகாட்டிக்கு அடுத்து ஒரு ஆசிரியர், வால் பக்கம் ஒருவர். பயப்படுகிறவர்களைக் கடைசியில் விடாதீர்கள், முன்னால் வழிகாட்டியின் குரல் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கூண்டு இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும்.

இடுப்புப் பட்டையில் நெற்றி விளக்கின் பேட்டரியோடு ஒரு சிறிய உலோகப் பெட்டியையும் மாட்டிவிட்டால் அது என்னவென்று மாணவர்கள் கேட்பார்கள். தீ விபத்தில் கார்பன் மோனாக்சைடு பரவினால் அதன் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டே வெளியேறலாம். உள்ளே உள்ள வேதிப்பொருள் அந்த வாயுவைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். திறந்து பார்க்கக் கூடாது என்று வழிகாட்டி சொல்வார், நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள்.

கீழே

கீழே உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. வழிகாட்டி பேசும்போது நீங்கள் பேசாமல் இருப்பதே பெரிய உதவி. தாங்கு மரங்களையும் கம்பிகளையும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். மரத்தைத் தொழிலாளர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு: பாரம் ஏறினால் முறிவதற்கு முன்பே மரம் முனகும், ஓடுவதற்கு அவகாசம் கிடைக்கும். இதை அவர்களே தங்கள் வாயால் சொல்லிக் கேட்டால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

நெற்றி விளக்கு இருப்பதால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசினால் அவர் கண் கூசும். சற்றுத் தாழ்த்திப் பார்க்கப் பழக்குங்கள். பேய்க் கதைகளுக்குத் தடை போட்டுவிடுங்கள். ஃபாலூனில் உண்மையாகவே நடந்தது போதாதா? 1677-இல் காணாமல் போன இளைஞனின் உடல் 1719-இல் சுரங்க நீரிலிருந்த உப்புகளால் கெடாமல் அப்படியே கிடைத்தது. கிழவியாகிவிட்டிருந்த அவனுடைய பழைய காதலிதான் வந்து அடையாளம் சொன்னாள். அதே சுரங்கம் 1687-இல் பெரிதாக இடிந்து விழுந்தபோது கோடைத் திருவிழா விடுமுறை என்பதால் உள்ளே யாரும் இல்லை.

பல சுரங்கங்களில் ஒரு கட்டத்தில் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்வார்கள். பயணத்தின் உச்சம் இதுதான், கெட்டுப்போவதும் இங்கேதான். யாராவது ஒருவன் கூச்சலிட்டால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள், அந்த நிமிடம் போய்விடும். அதனால் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்: விளக்கு அணையும், ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் விளக்கை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். இங்கே துளி வெளிச்சமும் இல்லாததால் எவ்வளவு நேரம் நின்றாலும் பழகாது. சிலர் தங்கள் கை அசைவது தெரிவதாகச் சொல்வார்கள். கை அசைவதை மூளை அறியும், அதுவே படத்தையும் வரைந்துகொள்கிறது. வகுப்பில் சொன்ன அந்தக் கதவுச் சிறுவனை நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. வெளிச்சம் வந்ததும் யாராவது ஒருவர் தானாகவே கேட்பார், "பன்னிரண்டு மணி நேரமா?" என்று.

யாருக்காவது மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நீங்களாக அழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பாதீர்கள். ஒரே மாதிரித் தெரியும் பாதைகளில் இரண்டு திருப்பத்திலேயே வழி தப்பும். இன்ஹேலர் மாணவரின் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், மேலே விட்ட பையில் இருந்து பயனில்லை.

மேலே வந்ததும்

வெளிச்சத்தில் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பஸ்ஸில் ஏற்றிவிடாமல் பத்து நிமிடம் எங்காவது உட்கார வையுங்கள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, கீழே கேட்ட சத்தம், மூக்கில் பட்ட வாசனை, கையில் பட்ட ஈரம் ஆகியவற்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையெல்லாம் அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம், இவை மறுநாளே மறந்துவிடும். கீழே போனவரையும் மேலே நின்றவரையும் ஜோடியாக உட்கார வைத்தால் இன்னும் நல்லது, நொடிக்கணக்கை வைத்திருப்பவர் அவர்தானே.

கடைசியாக வில்லைகளைப் பலகையில் ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு முறை எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ஒரு ஆணியில் ஒற்றை வில்லைதான் தொங்கியது. தலையை எண்ணினால் சரியாக இருந்தது. அப்படியும் பஸ்ஸை எடுக்க விடவில்லை. ஜோடியைத் தேடியதில் அது என் ஜாக்கெட் பையிலேயே இருந்தது.